சுவரைத் தொடக் கூடாத தரை

மரத்தோற்றம் கொண்ட லேமினேட் பலகைகளை அறை முழுவதும் பரப்பி முடித்த பிறகு, நான்கு சுவர்களின் அடியிலும் சுமார் 10 மி.மீ. அகலத்தில் ஒரு வெற்றிடம் எஞ்சி நிற்கிறது. வேலை அரைகுறையாக நின்றுவிட்டதோ என்ற ஐயத்தை வீட்டாருக்கு உண்டாக்கும் இந்த இடைவெளி, உண்மையில் அத்தரையின் வடிவமைப்பிலேயே அடங்கிய ஓர் உறுப்பாகும். அதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதற்கென்றே ஸ்கர்ட்டிங், பீடிங், ப்ரொஃபைல் என்று கடைகளில் வழங்கும் விளிம்புப் பட்டைகள் உருவாயின. மறைப்பது வேறு, அடைப்பது வேறு என்பதைக் கருதாமல் செய்யப்படும் விளிம்பு வேலையே, நல்ல பலகையும் நல்ல கூலியும் கொடுத்துப் போட்ட தரை முதல் மழைக்காலத்திலேயே நடுவில் புடைத்துக்கொள்வதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

லேமினேட் பலகை என்பது மரத்தை அறுத்து எடுத்த பலகையன்று. மரத்தை நாராகச் சிதைத்து, பிசினுடன் கலந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் கெட்டிப்படுத்திய ஹெச்.டி.எஃப். என்னும் அடர்நார்ப் பலகை அதன் உடலாக அமைகிறது. அதன்மேல் மர ரேகைகள் அச்சிட்ட தாளும், தாளின்மேல் மெலமின் பிசினோடு அலுமினியம் ஆக்சைடு துகள்கள் சேர்ந்த தேய்மானம் தாங்கும் படலமும், அடிப்புறத்தில் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடாதபடி ஈடுசெய்யும் மற்றொரு பிசின் தாளும் சேர்ந்து அழுத்தப்படுகின்றன. அலமாரிக் கதவுகளின் மேல் ஒட்டப்படும் மைக்கா தகட்டுக்கு இது நெருங்கிய உறவு. அத்தகைய தகடுகளைத் தயாரித்துவந்த சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் தரைக்கான லேமினேட்டை உருவாக்கி, 1984-இல் பெர்கோ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்ககாலப் பலகைகள் ஒன்றன் விளிம்பில் நாக்கும் அடுத்ததன் விளிம்பில் பள்ளமுமாகச் செதுக்கப்பட்டுப் பசையால் இணைக்கப்பட்டன; 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகு சுவீடனின் வெலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் ஆகிய நிறுவனங்கள் பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ‘க்ளிக்’ இணைப்பைப் பரவலாக்கியதால், அறைக்குள் போடப்பட்ட பலகைகள் அனைத்தும் சேர்ந்து ஒரே பெருந்தகடாகிவிடும் நிலை ஏற்பட்டது. அப்பெருந்தகடு அடித்தளத்தோடு ஒட்டப்படுவதுமில்லை, ஆணியால் பிணைக்கப்படுவதுமில்லை. 2 அல்லது 3 மி.மீ. கனமுள்ள ஃபோம் விரிப்பின்மேல் தன் எடையால் மட்டுமே கிடக்கிறது. இதனாலேயே தொழில் வழக்கில் இதனை மிதக்கும் தரை என்கின்றனர்.

மிதக்கும் தரைக்கு அசைய இடம் தேவைப்படுவதற்குக் காரணம் ஈரம். மர நாரின் பெரும்பகுதியான செல்லுலோசு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தன்னுள் தேக்கிக்கொள்ளும் இயல்புடையது. காற்றில் ஈரம் கூடும்போது நார் பருக்கிறது, காற்று உலரும்போது சுருங்குகிறது. ஐப்பசி மழையில் இறுகிப்போகும் மரக்கதவு பங்குனியில் தானாகவே தளர்ந்துவிடுவதும் இதனால்தான். பிசினும் அழுத்தமும் இந்த அசைவைக் குறைக்கின்றனவேயன்றி அறவே நீக்குவதில்லை. ஒரு மீட்டருக்கு 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும், 6 மீட்டர் நீளமுள்ள கூடத்தில் தரை மொத்தமாக 6 மி.மீ. விரிய வேண்டியிருக்கும்; அந்த விரிவு இரு முனைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, ஏனெனில் ஒரு மூலையில் கனத்த பீரோ நின்றால் அந்த முனை அசையாமல் மறுமுனையே முழுவதையும் தாங்க நேரும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சுவரோரம் 8 முதல் 12 மி.மீ. வரை இடைவெளி கேட்பதும், ஒரே தொடர்ச்சியாக 8 அல்லது 10 மீட்டருக்கு மேல் போகும் தரையை நடுவில் பிரிக்கச் சொல்வதும் இக்கணக்கின் அடிப்படையில்தான். கடலோர நகரங்களில் நாள் முழுவதும் ஜன்னல் திறந்திருக்கும் கூடமும், இரவு முழுவதும் ஏ.சி. ஓடுவதால் காற்று உலர்ந்திருக்கும் படுக்கையறையும் ஒரே வீட்டுக்குள் வெவ்வேறு பருவநிலைகளாக இருப்பதால், அங்கே இவ்விதியைத் தளர்த்துவது பிற இடங்களைவிடப் பெரிய தவறாகும்.

தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலின் பழக்கம் இதற்கு நேர்மாறானது. பழைய வீடுகளின் செங்காவித் தரையும், அதன் பின்வந்த மொசைக் தரையும் சுவரடியில் நிற்காமல் மூன்று நான்கு அங்குலம் சுவரின்மேல் ஏறிக் கரையாக முடிந்தன. பல மொசைக் தரைகளில் தரையும் சுவரும் சந்திக்கும் இடம் மூலையே இல்லாமல் வளைவாக இழைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். தரையும் சுவரும் ஒன்றாக வேண்டும், வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் நீர் எங்கும் இறங்கக் கூடாது என்பதே அவ்வேலையின் இலக்கணம். தச்சு வேலையிலும் அப்படித்தான்: அலமாரியிலோ கட்டிலிலோ ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் அது கைத்திறக் குறையாகவே எண்ணப்படுகிறது. இந்தப் பயிற்சியில் தேர்ந்த ஒருவர் லேமினேட் தரையின் ஓரத்தில் 10 மி.மீ. வெற்றிடத்தைக் கண்டதும் அதைப் புட்டியாலோ வெள்ளைச் சிமெண்டாலோ நிரப்ப முற்படுவது சோம்பலால் அன்று, தொழில்பற்றினாலேயே. ஆயினும் அந்த ஒரு செயல் தரையின் ஆயுளைக் கெடுத்துவிடுகிறது.

ஆகவே விளிம்பு வேலை பட்டையை வெட்டுவதற்கு முன்பே, இடைவெளியைச் சோதிப்பதில் தொடங்குகிறது. பலகைகளைப் போடும்போது சுவருக்கும் அவற்றுக்கும் இடையே செருகப்பட்ட ஆப்புக் கட்டைகள் எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட வேண்டும். அவற்றுள் ஒன்று மறதியாகப் பட்டைக்குப் பின்னால் தங்கிவிட்டாலும் அந்த இடத்தில் தரை சுவரோடு முட்டிக்கொண்டதாகவே பொருள். பூச்சுச் சுவர்களின் அடியில் சிமெண்ட் கசிந்து இறுகிய மேடுகள் இருப்பது நம் கட்டடங்களில் மிகச் சாதாரணம் என்பதால், அவற்றை உளியால் தட்டிச் சமன்செய்து, மரத்தூளையும் பூச்சு உதிரிகளையும் வேக்குவம் கிளீனராலோ தூரிகையாலோ அகற்றி, சுவரோரம் மேலெழுந்து நிற்கும் ஃபோம் விரிப்பைப் பலகையின் மட்டத்துக்கு அறுத்துவிட வேண்டும். தரைத்தள வீடுகளில் இதே வேளையில் கரையான் தடமும் பார்க்கத்தக்கது. தரையும் சுவரும் சந்திக்கும் விரிசல்கள் கரையான்கள் மேலேறி வரும் வழக்கமான பாதைகள், பட்டை பொருத்தப்பட்ட பின் அப்பாதை கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து எழும் வினா, எந்தப் பட்டை என்பதாகும். புதுச்சுவர் எனில் விடை எளிது: 12 முதல் 16 மி.மீ. கனமும் மூன்று நான்கு அங்குல உயரமும் கொண்ட ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடிப் பட்டை, இடைவெளியைத் தன் கனத்தாலேயே மூடிவிடும். பட்டையின் கனம் இடைவெளியைவிடச் சில மி.மீ. கூடுதலாக இருந்தாக வேண்டும்; 10 மி.மீ. இடைவெளிக்கு 10 மி.மீ. பட்டை வாங்கினால், உலர்ந்த பருவத்தில் தரை பின்வாங்கும்போது பட்டைக்குக் கீழே கறுப்புக் கோடாக வெற்றிடம் தலைகாட்டும். ஆனால் தமிழ்நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லேமினேட் தரை பெரும்பாலும் பழைய விட்ரிஃபைடு டைல்களின் மேலேயே போடப்படுகிறது, அங்கே சுவரில் டைல் ஸ்கர்ட்டிங் ஏற்கெனவே சிமெண்டில் பதிந்து நிற்கிறது. அதைப் பெயர்த்தெடுத்தால் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். மீண்டும் பூசி, பட்டி பார்த்து, வண்ணம் அடிக்கும் செலவு பட்டையின் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும். வீடு முழுவதும் வேறு காரணத்துக்காகச் சுவர் வேலை நடந்துகொண்டிருந்தாலன்றி அப்பெயர்ப்பில் இறங்குவது தேவையற்றது.

டைல் ஸ்கர்ட்டிங்கை விட்டுவைக்கும் வீட்டில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பீடிங் என்று தச்சர்கள் குறிப்பிடும் சிறு பட்டைகளுள் கால்வட்ட வடிவம் கொண்டதை டைலின் அடியோரம் ஒட்டுவது. உருளையை நீளவாக்கில் நான்காக வகுத்தால் கிடைக்கும் கால்பகுதியே அதன் வடிவம், ஒரு தட்டைமுகம் டைலையும் மற்றொரு தட்டைமுகம் தரையையும் நோக்கியிருக்க வளைமுகம் மட்டும் வெளியே தெரியும். 15 அல்லது 18 மி.மீ. ஆரமுள்ள கால்வட்டம் 10 மி.மீ. இடைவெளிக்குப் போதுமானது. இரண்டாவது, பழைய டைலை உள்ளே அடக்கிக்கொள்ளும்படி பின்புறம் குடையப்பட்ட உயரமான பி.வி.சி. ஸ்கர்ட்டிங்கை அதன்மேல் கவிழ்ப்பது. தோற்றத்தில் இதுவே மேம்பட்டது, ஆயினும் டைல் எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்திலும் ஒரே புடைப்பிலும் இருந்தால்தான் சரியாகப் பொருந்தும். பொருளைப் பொறுத்தவரை, தரைப் பலகையின் நிறத்திலேயே தாள் சுற்றிய எம்.டி.எஃப். பட்டை அழகாகப் பொருந்தினாலும் ஈரத்தையும் கரையானையும் தாங்காது. தரைத்தளத்திலும், குளியலறைச் சுவரையொட்டிய பக்கத்திலும், துடைப்பத் துணியின் நீர் அடிக்கடி படும் இடங்களிலும் பி.வி.சி. அல்லது பாலிஸ்டைரீன் பட்டைகளே ஏற்றவை. அலுமினியப் பட்டை உறுதியானதுதான், எனினும் மரத்தோற்றம் வேண்டிப் போட்ட தரையின் நான்கு ஓரத்திலும் உலோகக் கோடு இழுப்பது வீட்டைவிட அலுவலகத்துக்கே பொருந்துகிறது.

அளவெடுப்பதில் சிக்கனம் வேண்டாம். 12 அடிக்கு 14 அடி அறையின் சுற்றளவு 52 அடி, 3 அடி வாசலைக் கழித்தால் 49 அடி. 8 அடி நீளப் பட்டைகளாக வாங்கினால் கணக்குக்கு ஏழு போதும், மூலை வெட்டுகளில் போகும் சேதத்துக்காக எட்டாகக் கொள்வதே முறை. பிறகு ஒரு பட்டைக்காகக் கடைக்குப் போனால் அதே நிறக்கலவை கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பட்டையைப் பொருத்துவதில் ஒரே விதிதான் தலையாயது: பட்டை சுவருக்கே உரியது, தரைக்கு உரியதன்று. ஆணியோ திருகோ பசையோ எதுவாயினும் சுவரை மட்டுமே பற்ற வேண்டும், தரைப் பலகையைத் தொடவே கூடாது. உயரமான ஸ்கர்ட்டிங்கில் இதைக் கடைப்பிடிப்பது எளிது. கால்வட்டத்திலோ, அதன் வளைமுகம் காரணமாக ஆணி இயல்பாகவே சாய்ந்து கீழ்நோக்கி இறங்கப் பார்க்கும், அவ்வாறு இறங்கிய ஆணி பலகைக்குள் நுழைந்து மிதக்கும் தரையை அந்த இடத்திலேயே அறைந்துவிடும். ஆணியைத் தரைக்கு இணையாக, கிடைமட்டமாகச் செலுத்துவதே வழி. செங்கல் சுவரில் துளையிட்டு பிளக் செருகித் திருகு முடுக்குவது உறுதி. சுவிட்ச் பெட்டிக்கு நேர்கீழே மின்கம்பிக் குழாய் சுவருக்குள் இறங்கியிருக்கலாம் என்பதால் அப்பகுதியில் துளையிடாமல் பசையை நம்புவது பாதுகாப்பு. டைலின்மேல் ஆணி இறங்காது, பசையே கதி. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைகள் தம்மிலுள்ள நீரை ஒட்டப்படும் பொருளுக்குள் உறிஞ்சவிட்டே இறுகுபவை, பி.வி.சி. பட்டையும் உறிஞ்சாது, விட்ரிஃபைடு டைலும் உறிஞ்சாது என்னும்போது அந்நீர் போக வழியின்றிப் பிடிமானம் கெடுகிறது. ஆணிக்கு மாற்றாகக் குழாயில் விற்கப்படும் கட்டுமானப் பசையோ, சிலிக்கானோ இவ்விடத்துக்குத் தக்கது. டைலைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய பின், பட்டையின் முதுகில் விட்டுவிட்டு இட்டு, இறுகும்வரை காகித டேப்பால் பிடித்துவைக்க வேண்டும். பசை அதிகமாகி வழிந்து இடைவெளிக்குள் இறங்கினால் அதுவும் ஓர் ஆப்புக் கட்டையாகிவிடும்.

பட்டையைத் தரைமேல் அழுத்தி உட்கார வைக்கும் ஆசையையும் அடக்க வேண்டியிருக்கிறது. அழுத்திய பட்டை தரையைப் பிடித்துக்கொள்ளும்; நடக்கும்போது பலகை சிறிது அமிழ்ந்தெழுவதால் உராய்ந்து கிறீச்சிடவும் செய்யும். தேர்ந்த பணியாளர்கள் பட்டைக்கடியில் ஆங்காங்கே ஒரு விசிட்டிங் கார்டு கனமுள்ள அட்டைத் துண்டைச் செருகி, பட்டை பொருந்தியதும் உருவிவிடுகின்றனர்; எஞ்சும் மயிரிழை இடைவெளி நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தரை பல இடங்களில் தாழ்ந்து அட்டைக்கும் மேலான இடைவெளி தெரிந்தால், பட்டையை வளைத்து அழுத்தாமல், அதைத் தரைமேல் நிறுத்தி, ஒரு சிறு கட்டையின்மேல் பென்சிலைக் கிடத்தி, கட்டையைத் தரையோடு தரையாக நகர்த்திச் சென்றால், தரையின் மேடு பள்ளம் அப்படியே பட்டையின்மேல் கோடாகப் பதியும். அக்கோட்டின்படி இழைத்துவிட்டால் பட்டை தரையின் போக்குக்கே இணங்கி நிற்கும்.

இவ்வேலையில் கைத்திறன் வெளிப்படுவது மூலைகளில். இரு பட்டைகளையும் 45 டிகிரி சாய்வில் அறுத்துச் சேர்ப்பதை மைட்டர் இணைப்பு என்பர். சுவர்கள் துல்லியமாக 90 டிகிரியில் சந்தித்தால் அது பிசகாது, ஆனால் கையால் பூசிய சுவர்களில் அந்தத் துல்லியத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, மூலை 92 டிகிரி என்றால் ஒவ்வொரு பட்டையையும் 46 டிகிரி கோணத்தில் பொருந்துமாறு வெட்ட வேண்டும் என்பது கணக்கு. கருவியில் அரை டிகிரிகளைப் படித்துக்கொண்டிருப்பதைவிட, வீணான இரு துண்டுகளை வெட்டி மூலையில் வைத்துப் பார்த்து, ஒளி எந்தப் பக்கம் தெரிகிறதோ அதற்கேற்பத் திருத்திய பின் நெடும்பட்டையில் கைவைப்பதே விரைவானது. உள்மூலைகளுக்கு மைட்டரைவிடச் சிறந்த வழி ஒன்றும் உண்டு. ஒரு பட்டையை நேராக வெட்டி மூலைவரை ஓடவிட்டு, மற்றதன் முனையை முதலில் 45 டிகிரியில் அறுத்தால், அறுத்த முகத்தின் ஓரத்தில் பட்டையின் குறுக்குவெட்டு வடிவம் கோடாகத் தெரியும்; மெல்லிய அலகுடைய வளைவு ரம்பத்தால் அக்கோட்டின் வழியே, பின்புறம் சற்று உட்சாய்ந்திருக்கும்படி அறுத்தெடுத்தால், இரண்டாம் பட்டை முதற்பட்டையின் முகத்தின்மேல் கவ்விக்கொண்டு உட்காரும். மூலை 88 டிகிரியாயினும் 92 டிகிரியாயினும் இந்த இணைப்பு வாய் திறப்பதில்லை, பட்டை பருவத்துக்குப் பருவம் சுருங்கினாலும் வெளியே தெரிவதில்லை. நேரம் கூடுதலாகக் கேட்பதால் ஒப்பந்த வேலையில் இதைக் காண்பது அரிது. உள்ளே கூடான பி.வி.சி. பட்டைகளுக்கு இது ஒவ்வாது, அவற்றுக்கென்று விற்கப்படும் மூலை மூடிகளையே செருக வேண்டும்.

வெளிமூலைக்கு மைட்டரைத் தவிர வழியில்லை. பூச்சு மூலைகள் பெரும்பாலும் மழுங்கியிருப்பதால், வெட்டுகளைச் சற்று அதிகச் சாய்வில் எடுத்து, முன்விளிம்பு இறுகச் சேர்ந்து பின்புறம் இடைவெளி விழுமாறு அமைத்தால் கண்ணுக்கு நேர்த்தியாக இருக்கும். நீளமான சுவரில் இரு பட்டைகளை ஒட்ட நேரும்போதும் நேர்வெட்டுக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்று படியும் சாய்வெட்டே நல்லது, சுருங்கினாலும் அதனூடே சுவர் தெரியாது. அந்த ஒட்டு வாசலில் நுழைபவர் முகத்துக்கு நேரே அமையாமல் கட்டிலுக்கோ சோபாவுக்கோ பின்னால் வருமாறு திட்டமிடுவது அறிவுடைமை. கைரம்பத்தால் அறுப்பவர் நிறத்தாள் ஒட்டிய முகத்தை மேலே வைத்தும், ஜிக்சா இயந்திரத்தால் அறுப்பவர் அதைக் கீழே கவிழ்த்தும் அறுக்க வேண்டும். ஜிக்சா அலகின் பற்கள் மேல்நோக்கி இழுக்கும்போது வெட்டுவதால், மேலிருக்கும் முகமே சிதறும்.

வாசல்களில் சிக்கல் வேறு வகையினது. மர நிலையின் அடிப்பகுதியைச் சுற்றிப் பலகையை வளைவு வளைவாக வெட்டிப் பொருத்துவதைவிட, நிலையின் அடியையே பலகைக் கனத்துக்கு அறுத்து, பலகையை அதனடியில் நுழைத்துவிடுவது நேர்த்தி. ஃபோம் விரிப்பின்மேல் ஒரு பலகைத் துண்டைக் கிடத்தி, அதன்மேல் ரம்பத்தைப் படுக்கவைத்து அறுத்தால் உயரம் தானாகவே சரியாக வரும். உள்ளே நுழைந்த பலகைக்கும் இடைவெளி வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். கருங்கல் நிலைகளை அறுக்க முடியாது, அங்கே சிறிய இடைவெளி விட்டு நிறமொத்த நெகிழ் சிலிக்கானால் மூடுவதே நடைமுறை. கதவின் கீழ்விளிம்பையும் முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும்: 8 மி.மீ. பலகையும் 2 மி.மீ. ஃபோமும் சேர்ந்து தரையை 10 மி.மீ. உயர்த்துகின்றன, வாசலில் வரும் ப்ரொஃபைல் மேலும் 5 மி.மீ. அளவுக்கு எழும், ஆகவே பழைய டைலிலிருந்து 18 மி.மீ. உயரமாவது கதவுக்கடியில் இல்லையெனில் கதவை இறக்கி அறுக்க நேரும். அறுத்த விளிம்பு பச்சையாக விடப்பட்டால் ஈரம் உறிஞ்சி ஃபிளஷ் கதவின் அடுக்குகள் பிரியும், வார்னிஷோ பெயிண்டோ பூசியே கதவை மாட்ட வேண்டும்.

இரு அறைகளின் லேமினேட் தரைகள் ஒரே மட்டத்தில் சந்திக்கும் வாசலில் டி ப்ரொஃபைல் இடப்படுகிறது. ஆங்கில டி எழுத்தின் வடிவிலான அதன் தண்டு இரு தரைகளுக்கும் இடையிலுள்ள சுமார் 20 மி.மீ. பள்ளத்துக்குள் இறங்க, இரு இறக்கைகளும் இரு பக்கத் தரைகளின்மேல் வெறுமனே படிந்திருக்கும். தண்டைத் தாங்கும் தடமோ பசையோ அடித்தளத்தோடு மட்டுமே பிணைக்கப்பட வேண்டும், இறக்கைக்கடியில் பசை தடவுவது இரு அறைகளையும் மீண்டும் ஒன்றாகக் கட்டிவிடும். ப்ரொஃபைல் மூடிய கதவுக்கு நேர்கீழே அமைந்தால் இரு அறைகளும் தத்தம் தரையை மட்டுமே காட்டும். வாசலில் இந்தப் பிரிவே வேண்டாம், கூடத்திலிருந்து படுக்கையறைவரை ஒரே தரையாக ஓடட்டும் என்று வீட்டார் கேட்பது வழக்கம். தோற்றம் அழகாக இருக்கும் என்பது உண்மையே, எனினும் ஏ.சி. அறையும் திறந்த கூடமும் எதிரெதிராக அசையும்போது இழுவிசை முழுவதும் 3 அடி அகலமுள்ள வாசற்குறுக்கத்தில் வந்து சேர்கிறது, இணைப்புகள் முதலில் விட்டுக்கொடுப்பதும் அங்கேதான். லேமினேட் தரை தாழ்ந்த டைல் தரையைச் சந்திக்கும் இடத்துக்கு ரெடியூசர் என்ற சரிவுப் பட்டை வேண்டும். முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் 10 மி.மீ. செங்குத்து விளிம்பு கால் தடுக்கப் போதுமானது என்பதால், செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறெதிலாவது குறைப்பதே மேல். இப்பட்டையை முடுக்க டைலில் துளையிடும் முன், குளியலறைக்கு அருகே தரைக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

குளியலறை வாசலும் பால்கனி வாசலும் இடைவெளியை அடைக்கக் கூடாது என்ற விதிக்குப் புறனடைகள். அங்கே நீர் இறங்கினால் ஹெச்.டி.எஃப். விளிம்பு ஊதி மீளாது. எனவே கிரானைட் படியோரம் உள்ள இடைவெளிக்குள் முதலில் நுண்ணறை ஃபோம் கயிற்றை இறக்கி, அதன்மேல் சிலிக்கான் இட வேண்டும். கயிறு வெறும் நிரப்பு மட்டுமன்று. சிலிக்கான் இரு பக்கச் சுவர்களோடு மட்டும் ஒட்டியிருந்தால் ரப்பராக நீண்டு சுருங்கும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் நீள முடியாமல் கிழியும், கயிறு அந்த மூன்றாவது ஒட்டைத் தடுக்கிறது. பொதுவான சிலிக்கான் இணைப்பு அகலத்தில் கால்பங்கு அளவுக்கே நீண்டு சுருங்கவல்லது, 10 மி.மீ. இணைப்பு 2.5 மி.மீ. அசைவைத் தாங்கும், ஆகவே வாசலின் குறுகிய நீளத்துக்குச் சிலிக்கான் சரி, அறையின் நான்கு சுவருக்கும் சரியன்று. இறுகும்போது வினிகர் நெடி வீசும் வகை பளிங்கையும் சில உலோகங்களையும் பாதிக்கும் என்பதால், கல்லோரத்துக்கு நெடியற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாடிப்படிகளில் மிதத்தல் என்பதற்கே இடமில்லை. அங்கே பலகை முழுவதும் ஒட்டப்பட்டு, படியின் முன்விளிம்பைக் காக்கும் நோசிங் பட்டை திருகும் பசையும் சேர்த்து அசையாமல் முடுக்கப்பட வேண்டும், ஏனெனில் இறங்குபவரின் முழு எடையும் விழும் விளிம்பு அது. தரையை ஊடுருவி வரும் குழாய்க்குக் குழாயின் விட்டத்தைவிட 20 மி.மீ. பெரிய துளையிட்டு வட்ட மூடியால் மறைத்தால் போதும்.

சுவரின் பக்கம் பட்டையின் மேல்விளிம்பில் தெரியும் நெளிவுகளை, பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலண்டால் நிரப்பலாம். சிலிக்கானின்மேல் பெயிண்ட் பிடிக்காது. ஆணித்தலைகளை நிறமொத்த மெழுகாலோ புட்டியாலோ மூடிவிடலாம். இத்தனை கவனத்தோடும் முடித்த தரையை, பின்னர் கதவுத் தடுப்பான் பொருத்த வருபவர் ஒரே திருகால் தரையோடு அறைந்துவிட முடியும். நகராத வார்ட்ரோபையும் மாடுலர் கிச்சன் பெட்டிகளையும் தரைமேல் முடுக்கினாலும் அதே விளைவுதான். தடுப்பானைச் சுவரிலோ கதவிலோ அமைக்கவும், பெட்டிகளை முதலில் நிறுத்தி அவற்றின் ஓரத்தில் தரையை இடைவெளியோடு முடித்துப் பட்டை வைக்கவும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

தரை எங்கோ பிடிபட்டிருப்பதற்கான அறிகுறிகள் தெளிவானவை: நடக்கும்போது நடுவில் பொந்தாக ஒலித்து அமிழும், பலகை இணைப்புகள் சிறு கூரையாக மேலெழும், அல்லது வறண்ட மாதங்களில் ஒரே இணைப்பு மட்டும் வாய்பிளக்கும். நீர்க்கசிவு இல்லையென்று உறுதியானால், புடைப்புக்கு நேரான இரு சுவர்களின் பட்டைகளைக் கழற்றிப் பார்ப்பதே முதல் வேலை. பலகை சுவரை முட்டும் இடம் அல்லது ஆணி துளைத்த இடம் பெரும்பாலும் உடனே புலப்படும். ஆணி இருந்தால் பிடுங்கி, பலகை முட்டினால் அதன் விளிம்பைக் கிடந்தபடியே சில மி.மீ. அறுத்துவிட்டு, பட்டையை உடனே திரும்ப வைக்காமல் ஓரிரு நாள் விட்டுவைத்தால், பூட்டு இணைப்புகள் உடையாத தரை தன் எடையாலேயே மெல்லப் படிந்துவிடும்; படியாத இடத்தில் அந்த வரிசைப் பலகைகளை மாற்ற வேண்டியதுதான், அதற்கென்றே வாங்கியபோது மிஞ்சிய ஒரு பெட்டிப் பலகையையும் இரண்டு பட்டைகளையும் பரணில் போட்டுவைப்பது வழக்கம்.